பிழையில்லாத மனு

விவாகரத்து வாங்கிக்கொள்வது என்று முடிவான பிறகு, புரூஃப்காரரும் அவர் மனைவியும் ஒரே ஸ்கூட்டரில் வக்கீலைப் பார்க்கப் போனார்கள். அதுதான் அவர்கள் செய்த முதல் தவறு என்று வக்கீல் விளக்கினார்.

புரூஃப்காரர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பள்ளிக்கூடப் பாடநூல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள், இறந்தவர்களுக்கு அஞ்சலி என எதுவானாலும் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். விட்டுப்போன ஒற்றெழுத்தைப் பார்த்தால் அவருக்குச் சாப்பாட்டில் கல் கடித்தது போலிருக்கும். அச்சகத்தில் பாதிப் பேர் அவரை 'ஒற்று' என்றே கூப்பிட்டார்கள். மனைவி ஒரு பரிசோதனைக்கூடத்தில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுப்பவள். வலிக்காமல் ஊசி குத்துவாள் என்று பெயர் எடுத்தவள்.

அவர்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சு தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"நாம பிரிஞ்சிடலாமாங்க?"

அவர் தலையணை உறையை மடித்து முடித்தார். "எனக்கும் அப்படித்தான் தோணிட்டிருந்துச்சு. நீ என்ன நினைப்பியோன்னு சொல்லல."

"நானும் அதனாலதான் சொல்லல."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் சேர்ந்து சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது. அவள் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொள்வாள், உடம்பு சரியில்லை என்றால் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வது, நல்லது கெட்டதுக்கு வந்துபோவது என்றெல்லாம் அன்றைக்கே பேசியாகிவிட்டது. மிச்சம் இருந்தது சட்டம் மட்டும்தான். அது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும் என்று இருவரும் நம்பினார்கள்.

வக்கீலுக்கு நீதிமன்ற வட்டாரத்தில் 'வாய்தா' என்று பெயர். வழக்கைத் தள்ளிவைக்க வாய்தா வாங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். அவருடைய அலுவலகம் ஒரே அறை. நடுவில் ஓர் இரும்பு பீரோ. பீரோவுக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவருடைய மனைவி. அந்த அம்மாவும் வக்கீல்தான். கணவனுக்கு இவர், மனைவிக்கு அவர் என்று ஊரில் பாதிக் குடும்பங்களை இருவரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேருமா வந்திருக்கீங்க?" என்று வாய்தா பதறினார்.

"ஆமா சார். ஒரே வண்டிதான்."

"ஒரே வண்டியா! யாராவது பாத்தாங்களா?"

புரூஃப்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை.

வாய்தா மேசையை ஒழுங்குபடுத்திவிட்டுச் சட்டத்தை விளக்கினார். "விவாகரத்துக்கு ரெண்டு வழி. ஒண்ணு, ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறது. அதுக்கு முதல்ல ஒரு வருஷம் தனித்தனியா இருந்திருக்கணும். நீங்க?"

"ஒரே வீடுதான் சார்."

"அப்ப அந்த வழி அடைச்சாச்சு. திறந்திருந்தாலும் நான் சிபாரிசு பண்ண மாட்டேன். சம்மதத்துல என்ன சார் இருக்கு? வாதாட ஒண்ணுமே கிடையாது."

"இன்னொரு வழி?"

"சண்டை."

"நாங்க சண்டை போட்டுக்கறதில்ல சார்."

"இதுவரைக்கும் போட்டிருக்க மாட்டீங்க. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்." அவர் விரல்களை மடக்கினார். "கொடுமை, கைவிட்டுட்டுப் போறது, வேற தொடர்பு, தீராத வியாதி, துறவு. இதுல உங்களுக்கு எது தோதுப்படும்?"

"துறவுன்னா என்னங்க?" என்று மனைவி புரூஃப்காரரிடம் கேட்டாள்.

"சாமியாராப் போறது."

"அது பரவால்லையே. யார் மேலயும் பழி இல்லையே."

"அதுக்கு நிஜமாவே சாமியாராப் போகணும்மா" என்றார் வாய்தா. "கொடுமைதான் சௌகரியம். எல்லாருக்கும் பொருந்தும். அளவெடுக்கவே வேணாம். சரி, யார் பண்ணினதா வெச்சுக்கலாம்?"

"நான் பண்ணினதா இருக்கட்டும்" என்றார் புரூஃப்காரர்.

"வேணாங்க, நான் பண்ணினதா இருக்கட்டும்" என்றாள் மனைவி.

இப்படி இருவரும் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனதில் வாய்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முதல்ல வாயைத் திறந்தது அவர். அதனால அவர் என் கட்சிக்காரர். என் கட்சிக்காரர் கொடுமை பண்ண மாட்டார். நீங்கதாம்மா பண்ணினது."

மனைவி ஒத்துக்கொண்டாள். "பெரிசா ஒண்ணும் எழுதிடாதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

"சாதாரணக் கொடுமைதாம்மா. நீங்க அந்தப் பக்கம் போங்க, உங்க வக்கீல் அங்க இருக்காங்க."

"நான் எதுக்கு வக்கீல் வெச்சுக்கணும்? எனக்குத்தான் சம்மதமாச்சே?"

"நீங்க எதிர்க்கலைன்னா கோர்ட்டுக்குச் சந்தேகம் வந்துடும்" என்று பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வக்கீலம்மாவின் குரல் வந்தது. "வாங்க, எதிர்ப்போம்."

அடுத்த முறை புரூஃப்காரர் தனியாக வந்தார். வாய்தா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அடிச்சிருக்காங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"திட்டுவாங்களா?"

"எப்பவாவது 'போங்க'ன்னு சொல்லுவா."

"எங்க போகச் சொல்லுவாங்க?"

"எங்கயும் இல்ல சார். கிண்டலா."

'வீட்டைவிட்டு வெளியேறுமாறு பலமுறை மிரட்டினார்' என்று வாய்தா எழுதிக்கொண்டார். "என்ன வேலை பாக்கறாங்க?"

"ரத்தம் எடுக்கறா சார், பரிசோதனைக்கூடத்துல."

வாய்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இத ஏன் சார் முதல்லயே சொல்லல?"

அதன்பின் அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, குழந்தைகளைப் பற்றிக் கேட்டார். மருத்துவர் கேட்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார். புரூஃப்காரர் யாரிடமும் பேசாத ஒன்றை அவரிடம் சொல்லிவிட்டார்.

"ஒண்ணு வயித்துலயே போயிடுச்சு சார். ரொம்ப நாள் முன்னாடி. அப்புறம் கொஞ்ச காலம் அவ யார்கூடயும் பேசல. பக்கத்து ரூம்ல கதவச் சாத்திட்டுப் படுத்திருப்பா. நானும் தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

வாய்தா பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே இருந்தார்.

"இதையெல்லாம் எழுதணுமா சார்?"

"இதுதான் சார் மனுவுக்கு உயிர். மத்ததெல்லாம் ஜோடனை."

மனுவின் வரைவு வந்தது. புரூஃப்காரர் அதை அச்சகத்துக்கு எடுத்துப் போய்த் தன் மேசையில் விரித்தார். அவர் கை தானாகவே பென்சிலை எடுத்தது. பிழைகள் மொய்த்துக் கிடந்தன. 'கொடுமை படுத்தினார்' என்று இருந்தது. ஒரு 'ப்' சேர்த்து 'கொடுமைப்படுத்தினார்' ஆக்கினார். 'இரத்தத்தை கண்டு மகிழும் இயல்பினர்' என்று இருந்தது. ஒரு 'க்' சேர்த்தார். 'கதவை சாத்தி' என்பதற்கு ஒரு 'ச்' போட்டார். வேலை வேகமாகப் போயிற்று. அந்தப் பத்தியைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போன பிறகுதான், தான் எதைப் படித்தோம் என்பது அவருக்கு உறைத்தது. திரும்பி வந்து மறுபடி படித்தார். ஓரத்தில் சந்தேகக் குறியாகச் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார். வக்கீலுக்குப் போன் செய்தார்.

"சார், அந்த நாலாவது பக்கத்துல ஒரு பத்தி..."

"ஏன் சார், எழுத்துப்பிழையா?"

"இல்ல. பிழையெல்லாம் பாத்துத் திருத்திட்டேன்."

"அப்ப என்ன தயக்கம்? கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. கோர்ட்ல இதெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க. ஒரு சம்பிரதாயம்."

அவர் அழிப்பானை எடுத்துக் கேள்விக்குறியை அழித்தார். திருத்தங்களோடு சுத்தப் பிரதி அடித்து வந்ததும் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மனைவி கேட்டாள். "என்ன எழுதியிருக்காங்க?"

"வழக்கமா எழுதறதுதான்" என்றார்.

அவள் தன் வக்கீலிடமும் கேட்டுப் பார்த்தாள். "அதெல்லாம் படிச்சு மனசைக் கெடுத்துக்காதீங்க" என்றார் வக்கீலம்மா. "மனுவில சொன்ன எல்லாத்தையும், கமா உட்பட, மறுத்து எழுதியாச்சு."

குடும்ப நல நீதிமன்றம் ஒரு பழைய கிடங்குக் கட்டடத்தில் நடந்துவந்தது. வாசலில் 'குடும்பங்களைக் காப்போம்' என்று பலகை. அதன்கீழே 'இங்கே கூட்டம் போடாதீர்' என்று இன்னொரு பலகை. உள்ளே ஒரு மின்விசிறிதான் ஓடியது. அதன்கீழே இருந்த பெஞ்சில் கணவனும் மனைவியும் அடுத்தடுத்து உட்கார்ந்து, ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். டவாலி, அதாவது நீதிபதிக்கு முன்னால் நின்று வழக்குகளைக் கூப்பிடுகிற சேவகர், அவர்களுடைய வழக்கைக் கூப்பிட்டார். இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "மனுதாரரும் எதிர்மனுதாரரும் எதுக்குப் பக்கத்துல உக்காந்திருக்காங்க?"

"ஃபேன் அங்கதான் ஓடுது, ஐயா" என்றார் வாய்தா.

"கொடுமைக்கு ஆளானவர் ஃபேனுக்காகக் கொடுமைக்காரர் பக்கத்துல போய் உக்காருவாரா? தண்ணி வேற பங்கு போட்டுக் குடிக்கிறாங்க. இது ரெண்டு பேரும் சேர்ந்து செய்யற சதின்னு ஆயிடும், தெரியுமா? இந்தக் கோர்ட்ட ஏமாத்த முடியாது. ஆலோசகர்கிட்ட அனுப்பறேன். அவர் பாத்துச் சொல்லட்டும்."

ஆலோசகர் மாடியில் இருந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால், சூரிய அஸ்தமனத்தைக் கைகோத்துப் பார்க்கும் ஜோடியின் படம் ஒன்று. வெயில் பட்டு அதில் மனைவியின் பக்கம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது.

"நான் பிரிக்கறவன் இல்ல, சேர்த்து வைக்கறவன்" என்று அவர் ஆரம்பித்தார். "என்கிட்ட வந்த ஜோடி ஒண்ணாவது பிரிஞ்சதா என் பதிவேட்டுல கிடையாது. பிரிஞ்சவங்கள நான் பதிவு பண்றதில்ல. கல்யாணம்னா என்ன? பொறுமை. என்னையே எடுத்துக்குங்க. நானும் என் வீட்டம்மாவும் முகம் பார்த்துப் பேசி எத்தனையோ வருஷம் ஆச்சு. பிரிஞ்சுட்டோமா?"

"இல்ல சார்" என்றார் புரூஃப்காரர் மரியாதையாக.

"அதான்! இப்ப ஒருத்தரப் பத்தி ஒருத்தர் ஒரு நல்ல விஷயம் சொல்லுங்க. முடியாது, எனக்குத் தெரியும். அழுகைதான் வரும். பரவாயில்ல, முயற்சி பண்ணுங்க."

"வலிக்காம ஊசி போடுவா" என்றார் அவர் உடனே.

"நான் பேசும்போது குறுக்க பேச மாட்டார்" என்றாள் அவள்.

ஆலோசகர் 'சமரசம் ஏற்பட்டது' என்று எழுதப்போனார். இல்லை என்று இருவரும் ஒரே குரலில் தடுத்தார்கள்.

"இவ்வளவு ஒத்துமையா இருந்துக்கிட்டு எதுக்கு விவாகரத்து? அப்ப சண்டை போட்டுக் காட்டுங்க. நான் நம்பணும் இல்ல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிதான் கொஞ்சம் யோசித்துவிட்டு முயன்றாள். "நீங்க... ஈரத் துண்டக் கட்டில்மேல போடுறீங்க."

"ஆமா, தப்புதான்."

ஆலோசகர் மேசையைத் தட்டினார். "தப்புன்னு ஒத்துக்கிட்டா எப்படிச் சார் சண்டை வளரும்? உங்களுக்கெல்லாம் பயிற்சியே கிடையாதா?"

'இருவரும் சண்டையிட ஒத்துழைக்கவில்லை' என்று அவருடைய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போயிற்று.

அதன்பின் வாய்தாக்கள். வழக்குக் கட்டு தைப்பதற்குப் போயிருந்தது என்று ஒன்று. டவாலிக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் வழக்குகளைக் கூப்பிட ஆள் இல்லை என்று ஒன்று. 'தாமதத்தை ஒழிப்பது எப்படி' என்ற கருத்தரங்குக்கு நீதிபதி போயிருந்தார். அது நேரத்தில் முடியாததால் நீட்டிக்கப்பட்டது.

வக்கீல் சொன்னபடி இருவரும் தனித்தனியாக வந்தார்கள். அவள் பேருந்தில் வருவாள். அவர் அந்தப் பேருந்துக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வருவார். எதிரெதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, பார்த்தும் பார்க்காததுபோல் இருந்து பழகினார்கள். பழக்கம் நாளாவட்டத்தில் வீட்டுக்கும் வந்தது. சோற்றைப் பரிமாறும்போது கூட அவள் தட்டைத்தான் பார்த்தாள். ஒருநாள் ஈரத் துண்டு கட்டில்மேல் கிடந்ததைப் பார்த்து நிஜமாகவே கத்தினாள். அவர் பதிலுக்குக் கத்தினார். அதை வாய்தாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது.

"வழக்கு வலுத்துட்டு வருது சார்."

கடைசியில் விசாரணை நாள் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. புரூஃப்காரர் கூண்டில் ஏறி, சொல்வதெல்லாம் உண்மை என்று பிரமாணம் செய்தார். வாய்தா மனுவைக் கையில் எடுத்தார். யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்ன அதே மனுவை, அவரே உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'அன்றாடம் அந்நியரின் இரத்தத்தைக் கண்டு மகிழும் இயல்பினரான எதிர்மனுதாரர், அதே மனநிலையில் இல்லம் திரும்புவார்...'"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. மனைவி கூடச் சிரித்தாள். எதிர்ப் பெஞ்சிலிருந்து வெகுநாளைக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவரால் திரும்பச் சிரிக்க முடியவில்லை. அடுத்து வரப்போவது அவருக்குத் தெரியும். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"'எதிர்மனுதாரர் தம் அலட்சியத்தால் கருவை இழந்ததோடு, அதன்பின் மனநிலை பிறழ்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மனுதாரருக்கு ஆற்ற வேண்டிய இல்லறக் கடமைகளை ஆற்ற மறுத்தார். தாய்மைப் பேற்றைத் தமக்கும் தரவில்லை, மனுதாரருக்கும் தந்தைமைப் பேற்றைத் தரவில்லை...'"

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் திரும்பி, யாரைப் பற்றிய பேச்சு இது என்று தேடினாள். தேட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக அகன்றிருக்கவில்லை. அதை என்ன செய்வது என்று தெரியாதவள்போல அவள் உட்கார்ந்திருந்தாள்.

"கடைசி பாரா சரியாக் கேக்கல" என்றார் நீதிபதி. "சத்தமாப் படிங்க."

வாய்தா தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி படித்தார். இந்த முறை வராந்தாவில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"படிச்சதெல்லாம் உண்மைதானா?" என்று நீதிபதி கூண்டைப் பார்த்துக் கேட்டார்.

புரூஃப்காரரின் தலை மட்டும் ஆடிற்று. அதை 'ஆம்' என்று எழுதிக்கொண்டு, குறுக்கு விசாரணையை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைத்தார்கள்.

வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவள் நின்றிருந்தாள். கையில் மனுவின் நகல். வக்கீலம்மாவிடம் அப்போதுதான் கேட்டு வாங்கியிருந்தாள்.

"நான் எழுதலம்மா" என்றார் புரூஃப்காரர். "அந்தாள் எழுதினது. சத்தியமா நான் சரியாக் கூடப் படிக்கல."

அவள் தாளைப் புரட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"படிச்சீங்க."

"இல்ல..."

"அந்த வக்கீல் எனக்கு அனுப்பின நோட்டீஸ நான் பாத்திருக்கேங்க. வரிக்கு நாலு தப்பு இருக்கும். இதுல ஒரு இடத்துல கூட ஒற்று விட்டுப்போகல." அவள் அந்தப் பத்தியில் விரலை வைத்தாள். "'கதவைச் சாத்தி'. 'ச்' போட்டிருக்கீங்க. ஒக்காந்து, பொறுமையா, படிச்சு, போட்டிருக்கீங்க."

அவர் தரையைப் பார்த்தார். குழாயிலிருந்து ஒழுகிய தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது. அவர் நகரவில்லை.

"அந்தக் கதவ நான் தாழ்ப்பாள் போடலங்க" என்றாள். "வெறுமனே சாத்தித்தான் வெச்சிருந்தேன். ஒரு தடவையாவது தள்ளிப் பாத்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அன்றே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"பிரமாதம்" என்றார் வாய்தா. "இப்பப் பாருங்க, நிஜமாவே தனித்தனி வீடு. முன்னாடியே இப்படிப் போயிருந்தாங்கன்னா சம்மத வழியிலேயே சுலபமா முடிச்சிருக்கலாம். யாரு சார் உங்களுக்குச் சண்டை வழியச் சொன்னது?"

அந்த நாட்களில் புரூஃப்காரர், அவள் கதவைச் சாத்திப் படுத்திருந்த பக்கத்து அறை வாசலில் நிற்பார். உள்ளே போக மாட்டார். அச்சகத்தில் யாராவது 'ஒரு ஒற்று கூட விட்டுப்போகல' என்று பாராட்டினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல் இருக்கும்.

அடுத்த வாய்தாவில் வக்கீலம்மா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவர் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் புரூஃப்காரர் கூண்டிலிருந்து பேசிவிட்டார்.

"ஐயா, அந்த மனுவுல இருக்கறது பொய். அவ ஒரு கொடுமையும் பண்ணல. அவ அலட்சியமாவும் இல்ல. ஆஸ்பத்திரியில சொன்னபடி எல்லாம் இருந்தா. அப்படியும் போயிடுச்சு. அவ அழுதா. நான் பக்கத்துல போய் உக்காந்திருக்கணும், உக்காரல. அதத்தான் இப்படித் திருப்பி எழுதியிருக்கு. நான் அதப் படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டேன்."

வாய்தா துள்ளி எழுந்தார். "ஐயா, என் கட்சிக்காரர் உணர்ச்சிவசப்பட்டிருக்கார். அவர் சொல்றத அவருக்குச் சாதகமா மட்டும் எடுத்துக்கணும்."

நீதிபதி யோசித்தார். "மனைவி கொடுமை பண்ணல. அப்படித்தானே?"

"ஆமாங்கய்யா."

"அப்ப விவாகரத்துக்குக் காரணமே இல்லையே. மனு தள்ளுபடி. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமா இருங்க." அவர் பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம், ஐயா!" என்று வக்கீலம்மா கையை உயர்த்தினார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் கணவனைக் கோர்ட்டில் தோற்கடிக்கப்போகும் ஒளி அவர் முகத்தில் இருந்தது. "ஒரு மனைவிமேல இப்படியொரு பொய்யை எழுதி, அத ஊரறியக் கோர்ட்ல படிக்க வெச்சிருக்கார். அவரே ஒத்துக்கிட்டார். இதவிடப் பெரிய கொடுமை எது? என் கட்சிக்காரர் சார்பா எதிர்மனு போடறேன். கொடுமை பண்ணின கணவன்கிட்டேருந்து இவங்களுக்கு விவாகரத்து வேணும்."

நீதிபதியின் முகம் தெளிந்தது. அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. அதப் படிச்சப்போ உங்களுக்கு மனசு வலிச்சுதா?"

அவள் எழுந்து நின்றாள். புரூஃப்காரரைப் பார்க்கவில்லை.

"வலிச்சுது" என்றாள்.

அந்தக் கூடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான், அதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்தது. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்க ஒரு நீதிபதி வேண்டியிருந்தது என்று புரூஃப்காரர் நினைத்தார். நினைத்ததும் காதுவரை சுட்டது.

நீதிபதி தீர்ப்பை அங்கேயே சொன்னார். "இத்தனை வருஷமா நான் கொடுமை வழக்குகளைக் கேட்டுட்டு வரேன். சந்தேகமில்லாம, கண்ணெதிர்ல நிரூபணமான கொடுமை இதுதான். இதுல இந்த நீதிமன்றத்தோட பங்கையும் சொல்லணும். அந்தப் பத்திய வீட்டுக்குள்ள சொல்லியிருந்தா சாட்சி ஏது? இங்க, எல்லார் முன்னாடியும், ரெண்டு தடவை சத்தமாப் படிக்க வெச்சதாலதான் அது கொடுமையாச்சு. சட்டம் தன் கடமையைச் செஞ்சிருக்கு. விவாகரத்து வழங்கப்படுது. பொய்ப் பிரமாணத்துக்காக மனுதாரரக் கண்டிக்கிறேன். அடுத்த வழக்கு."

வாய்தாவும் வக்கீலம்மாவும் ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டார்கள். பிறகு வாய்தா புரூஃப்காரரின் கையையும் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சுட்டோம் சார். கொஞ்சம் சுத்தி வந்தோம், அவ்வளவுதான்."

வெளியே மழை பிடித்திருந்தது. நீதிமன்றப் படிகளில், கூரை இருந்த இடத்தில் ஆட்கள் ஒண்டி நின்றார்கள். புரூஃப்காரர் கூரைக்குள் இருந்த கடைசிப் படியில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் இளம் ஜோடி. இரண்டு பேரும் ஒரே பொட்டலத்திலிருந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

"சார், உங்களுக்கு முடிஞ்சிடுச்சா?" என்று அந்த இளைஞன் கேட்டான்.

"முடிஞ்சுது."

"நாங்களும் அதுக்குத்தான் வந்திருக்கோம். எங்களுக்குள்ள பிரச்சனையெல்லாம் ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒத்துவரல, அவ்வளவுதான். பீரோ வெச்ச ஆபீஸ்ல ஒரு வக்கீல் இருக்காராம். சீக்கிரம் முடிச்சுத் தருவார்ங்கறாங்க. அவர் எப்படி சார்?"

புரூஃப்காரர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கடலைத்தோலை ஊதித் தள்ளிவிட்டு, அவர் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றார் அவர். "இப்ப எங்க இருக்கீங்க, ஒரே வீட்டுலயா?"

"ஆமா சார்."

"அப்ப வேற வேற வீடு பாத்துக்கிட்டு ஒரு வருஷம் இருங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வந்து கேளுங்க. லேட்டாகும். பரவாயில்ல, ஆகட்டும். அதுவரைக்கும் யார் வந்து தலையச் சாய்ச்சு அன்பாக் கேட்டாலும், உங்க வீட்டுக்குள்ள நடந்தது எதையும் சொல்லாதீங்க. முக்கியமா, அவங்க அழுததச் சொல்லாதீங்க." அவர் கடலைப் பொட்டலத்தைப் பார்த்தார். "சொல்லிட்டாலும், எழுதிக் கொண்டுவந்து குடுத்தா கையெழுத்துப் போடாதீங்க."

இளைஞன் கடலை தின்பதை நிறுத்தினான். "அவ்வளவு மோசமா சார்?"

"அவர் சொல்றதக் கேளுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மனைவி மேல்படியில் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ. அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான் அதைச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். புரூஃப்காரர் நிமிரவில்லை. அவள் காலுக்கு வழிவிட்டு முழங்காலை ஒடுக்கிக்கொண்டார். சேலையின் ஓரம் அவருக்கு மிக அருகில் கடந்து போயிற்று. அவள் நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. தேங்கிய தண்ணீரைச் சுற்றிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தின் பக்கம் நடந்து மறைந்தாள்.

"யாரு சார் அவங்க?" என்று இளைஞன் கேட்டான்.

மனைவி என்று சொல்ல இனி முடியாது. எதிர்மனுதாரர் என்று சொல்ல வாய் வரவில்லை.

"தெரிஞ்சவங்க" என்றார்.

சொன்ன பிறகு, அந்தச் சொல்லும் தனக்கு அதிகம் என்று அவருக்குப் பட்டது.